ரோட்டரி டூலை வீட்டில் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செதுக்கவும் அறுக்கவும் மெருகேற்றவும் சிறு பிட்டுகளை (முனைக் கருவிகளை) மாட்டிச் சுழற்றும், கைக்குள் அடங்கும் ரோட்டரி டூல் பார்வைக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அதன் அச்சு நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டக்கூடியது. சாதாரணக் கை டிரில் 3,000 சுற்றுக்கே மூச்சு வாங்கும். மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் கண்ணுக்கே தெரியாத பிசகு, இந்த வேகத்தில் அதிர்வாகவும் சூடாகவும் தீப்பொறியாகவும் வெளியே வந்துவிடுகிறது. இதன் பழுதுபார்ப்பில் பொறுமை வேண்டும் என்று சொல்வதற்கு அதுவே காரணம்.

கருவி நின்ற உடனே திருப்புளியை எடுத்து உடலைப் பிரிப்பதுதான் நான் முதலில் குறை சொல்லும் பழக்கம். வீட்டில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை உடலைப் பிரிக்காமலேயே தெரிந்துவிடும் இடங்களில் இருக்கின்றன: வயர், மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ், பிட்டைக் கவ்வும் கோலெட். இந்த மூன்றையும் பார்க்காமல் உள்ளே போனவர், இருந்த பழுதைக் கண்டுபிடிக்கும் முன்பே புதிதாக இரண்டை உண்டாக்கிவிட வாய்ப்பு அதிகம்.

பிரஷ்ஷிலிருந்தே தொடங்கலாம். அது தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகம். மோட்டாரின் இரு பக்கமும் உள்ள சிறு மூடிகளைக் கழற்றினால் பல மாடல்களில் பிரஷ் ஸ்பிரிங்கோடு வெளியே வந்துவிடும். கருவி விட்டுவிட்டு ஓடுவது, தட்டினால் ஓடுவது, வேகம் குறைவது, தீப்பொறி கூடுவது எல்லாம் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்ததன் அடையாளங்கள். ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது தவறு. எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

இன்னும் நீளமாக இருக்கிறது, மறுபடியும் போடலாம் என்று முடிவெடுத்தால், எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுங்கள். பிரஷ் உரசிச் செல்லும் தாமிரப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப பிரஷ்ஷின் முனை தேய்ந்து படிந்திருக்கும். திருப்பிப் போட்டால் அந்த வளைவு பொருந்தாமல், ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு தீப்பொறி கக்கும். பிறகு "பிரஷ்ஷில் ஒன்றுமில்லை, மோட்டார்தான் போய்விட்டது" என்ற தவறான முடிவு வரும்.

சரியான அளவு கிடைக்காதபோது பெரிய பிரஷ் ஒன்றை வாங்கித் தேய்த்துச் சின்னதாக்குவது பலர் செய்வதுதான். அதை நான் முழுமையாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அளவு மட்டும் பார்த்தால் போதாது. கார்பனின் கடினத்தன்மை ரகத்துக்கு ரகம் மாறும். தேவைக்கு மேல் கடினமானது கம்யூட்டேட்டரின் தாமிரத்தை அரிக்கும். மென்மையானது தானே கரைந்து உள்ளே கரித்தூளைக் கொட்டும். கூட்டுக்குள் தளர்வாக ஆடும் அளவுக்குத் தேய்த்துவிட்டாலோ, அது சாய்ந்து நின்று அடிவாங்கும். பழைய டார்ச் பேட்டரியை உடைத்து அதன் கரிக்கம்பியைச் சீவிப் போடும் வித்தையை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். இந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் அது செய்யப்பட்டதல்ல.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அதை இழுத்து நீட்டுவதும் இதே வகை. சூட்டில் நிறம் மாறி வலுவிழந்த ஸ்பிரிங்கை நீட்டினால் நீளம் கூடும், வலு திரும்பாது. புதுப் பிரஷ் பெரும்பாலும் ஸ்பிரிங்கோடுதான் வரும், அதையே போடுங்கள். போட்ட கையோடு வேலையில் அழுத்தாமல், பிட் இல்லாமல் சில நிமிடம் ஓட விட்டால் முனை கம்யூட்டேட்டரில் படிந்துகொள்ளும். அந்தச் சில நிமிடத்தில் தெரியும் கூடுதல் பொறிகளைக் கண்டு பயந்து மறுபடியும் கழற்ற வேண்டாம்.

அடுத்த பெரிய குழப்பம் ஆட்டம். பிட் தள்ளாடிச் சுற்றினால் உடனே பேரிங் மேல் பழி விழுகிறது. வளைந்த பிட், கோலெட்டின் பிளவுகளில் சிக்கிய தூசி, அளவு பொருந்தாத கோலெட் மூன்றும் அதே ஆட்டத்தைத் தரும். இந்த வகைக் கருவிகளில் 3.2, 2.4, 1.6, 0.8 மில்லிமீட்டர் என்று கோலெட்டுகள் தனித்தனியாக வருகின்றன. 2.4 மில்லிமீட்டர் காம்பை 3.2 மில்லிமீட்டர் கோலெட்டில் வைத்து இறுக்கினால் அது கவ்வியதுபோலத் தோன்றும், நேராக நிற்காது. உள்ளே பிட் எதுவும் இல்லாமல் நட்டை முறுக்கி இறுக்குவதும் கோலெட்டைக் கெடுக்கும். அதன் விரல்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். நேரான புது பிட் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை. அதன் பிறகும் ஆட்டம் நீடித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைவு கையில் தட்டுப்பட்டாலோ, சுற்றும்போது நறநறவென்று உணர்ந்தாலோ, அப்போது பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

மோட்டார் சத்தமாக ஓடுகிறது, பிட் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பல மாடல்களில் மோட்டார் அச்சுக்கும் முன்பக்க அச்சுக்கும் நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் கப்ளிங் இருக்கும். பிட் எங்கேயாவது சிக்கினால் மோட்டார் கருகுவதற்கு முன் இது உடைந்துபோகும். அதற்குத்தான் அது இருக்கிறது. உடைந்த கப்ளிங்கைப் பசை போட்டு ஒட்டுபவர்களும், இனி உடையவே கூடாது என்று உலோகத்தில் கடைந்து போடுபவர்களும் ஒரே தவறின் இரு பக்கங்கள். அடுத்த முறை சிக்கும்போது உடைய வேறொன்று வேண்டுமே! முன்பக்க மூடியைக் கழற்றியதும் கையில் வந்துவிடும் பாகம் இது. புதியதை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அச்சைப் பூட்டும் பொத்தான் மேல் விரல் பட்டுவிடுவதும் இந்தப் பகுதியைச் சேதப்படுத்தும்.

உடலைப் பிரித்தே ஆக வேண்டும் என்று ஆனபின், பிளக் சாக்கெட்டில் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஸ்விட்சை அணைத்தது போதாது. பிறகு, மோட்டாரின் சுற்றும் பகுதியான ஆர்மேச்சரை இழுப்பதற்கு முன் இரண்டு பிரஷ்களையும் எடுத்துவிடுங்கள். இந்த வரிசையை மறந்தால் பிரஷ் முனை உடையும், கூடு வளையும். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய் விழும். மாட்டும்போது ஆர்மேச்சர் முதலில், பிரஷ் கடைசியில். வயர்கள் எந்தக் காடி வழியாக ஓடுகின்றன என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. இரு பாதி உடல்களுக்கு நடுவே நசுங்கிய வயர் அன்றைக்கே தெரியாது.

மூடும்போது திருகுகளைக் கண்மூடித்தனமாக முறுக்காதீர்கள். அவை பிளாஸ்டிக்கில் தாமே மரை வெட்டிக்கொண்டவை. முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் பழைய மரையில் ஒரு 'டக்' என்று விழும். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் பிடிப்பு போகாது. ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டினால் மூன்றாவது முறை பிடிப்பதற்குப் பிளாஸ்டிக் மிஞ்சாது.

கம்யூட்டேட்டர் கறுத்துப்போயிருந்தால் எமரித் தாளால் தேய்க்கத் தோன்றும். எமரியின் துகளும், அதைவிட மோசமாக இரும்புக் கம்பளியின் இழைகளும், தாமிரப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள காடிகளில் சிக்கி இரண்டு பட்டைகளை மின்சாரத்தால் இணைத்துவிடக்கூடும். கண்ணாடித் துகள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாள் போதும். அதையும் சுற்றும் திசையில் லேசாக ஓட்டி, பிறகு காடிகளில் அடைந்த கரித்தூளைப் பல் குத்தும் குச்சியால் கிளற வேண்டும். பழுப்பு நிறத்தில் சீராகப் படிந்த மெல்லிய படலம் அழுக்கல்ல. பிரஷ் வழுக்கிச் செல்ல உதவும் படலம். பளபளக்க வேண்டும் என்று அதைத் தேய்த்தெடுப்பது வீண்வேலை.

எண்ணெய்! எந்தப் பழுதுக்கும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் கை நம்மிடம் அதிகம். இந்தக் கருவிகளில் பேரிங்குகள் பெரும்பாலும் கிரீஸோடு மூடி முத்திரையிடப்பட்டவை. அவற்றில் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தால் இரண்டு நாளைக்குச் சத்தம் குறையும். உள்ளிருந்த கிரீஸ் கரைந்து போனபின் பேரிங் போய்விடும். வழிந்த எண்ணெய் கம்யூட்டேட்டரில் கரித்தூளோடு குழைந்து, மின்சாரம் கடத்தும் சேறாக மாறும். சத்தம் போடும் பேரிங்குக்கு மருந்து புதுப் பேரிங்தான். அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தில் அழுத்த வேண்டும்; கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில். மாற்றி அழுத்தினாலோ சுத்தியலால் தட்டினாலோ அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியே போய்ப் பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே ஊளையிடுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

மின்சாரப் பக்கம் வந்தால், மல்டிமீட்டரைத் தவறாகப் படிப்பது முன்னணியில் நிற்கிறது. பிளக்கின் இரு கால்களில் மீட்டரை வைத்து, ஸ்விட்சைப் போட்டு, அளவு எதுவும் காட்டவில்லை, ஆகவே மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வேகத்தை மாற்றும் வசதி உள்ள கருவிகளில் நடுவே ட்ரையாக் என்ற மின்னணுப் பாகம் இருக்கிறது. மீட்டரின் சில வோல்ட்டுக்கு அது திறக்காது. ஆகவே நல்ல நிலையில் உள்ள கருவியும் அறுந்ததுபோலவே காட்டும். பிளக்கிலிருந்து சர்க்யூட் போர்டு வரை ஒரு சோதனை, போர்டிலிருந்து வெளியேறும் மோட்டார் வயர்களில் இன்னொரு சோதனை என்று பிரித்துப் பாருங்கள். கம்யூட்டேட்டரில் அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே மின்தடை ஏறக்குறைய ஒரேபோல இருக்க வேண்டும். எந்தப் பட்டையிலிருந்தும் அச்சுக்கு இணைப்பு இருக்கக்கூடாது.

பிளக்கைச் சாக்கெட்டில் வைத்துக்கொண்டு இந்தப் போர்டில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. போர்டு முழுவதும் நேரடி வீட்டு மின்சாரம். போர்டு கெட்டுப்போனால் அதை ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேராக ஸ்விட்சில் இணைப்பதும் பரவலாக நடக்கிறது. கருவி ஓடும், உண்மைதான். ஆனால் எப்போதும் உச்ச வேகத்தில். பிட்டாக மாட்டும் கம்பிப் பிரஷ்கள் பல 15,000 சுற்றுக்கு மேல் போகக்கூடாதவை. அவற்றை 30,000-க்கு மேல் சுழற்றினால் கம்பிகள் ஊசிகளாகத் தெறிக்கும்.

வயர் பெரும்பாலும் கருவிக்குள் நுழையும் இடத்தில்தான் உள்ளுக்குள் அறுகிறது. ஓடும் கருவியின் வயரை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்து ஆட்டிப் பாருங்கள். அறுந்த பகுதியை வெட்டி எறிந்து, மிஞ்சியதை உள்ளே இணைத்து, ரப்பர் உறையையும் கவ்வியையும் பழையபடி பொருத்த வேண்டும். வெளியே ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. கருவியின் பெயர்ப்பட்டியில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது. எர்த் வயரே இருக்காது. உங்கள் கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது அந்தப் பிளாஸ்டிக் உடல்தான். விரிசல் விழுந்த உடலை டேப்பால் சுற்றுவதும், தொலைந்த திருகுக்குப் பதில் நீளமான திருகைப் போடுவதும், உள்ளிருந்த காப்புக் குழாய்களை 'மிச்சம்' என்று ஒதுக்குவதும் அந்தத் தடுப்பைத் துளைக்கும் செயல்கள்.

பேட்டரி மாடல்களில் மோட்டார் பக்கம் கைவைக்கலாம். லித்தியம் செல்களைப் பிரித்து, நேரடியாகச் சால்டர் வைத்து மாற்றும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். கருவியின் முனையில் மாட்டும் வளையும் நீள் ஷாஃப்டுக்கு உள்கம்பியில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். அதிகமானால் கைப்பிடி வழியே வேலைமேல் தெறிக்கும்.

எல்லாம் மூடியபின் முதல் ஓட்டத்தை நேராகச் சாக்கெட்டில் வைத்துப் பார்க்காமல், பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த டெஸ்ட் போர்டில் பாருங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து கருவி அசையாவிட்டால் உள்ளே எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. ஃபியூஸ் போகாமல் அது தெரிந்துவிட்டது. சரியாக இருந்தால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பிட் இல்லாமல், குறைந்த வேகத்தில் நேரடி மின்சாரத்தில் ஓட விடலாம். காற்றோட்டத் துளை வழியே பிரஷ் முனையில் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள். பிரஷ் புதிதாகவும் காடிகள் சுத்தமாகவும் இருந்து இப்படி ஆனால் ஆர்மேச்சரின் சுருள் போயிருக்கிறது என்று பொருள். அதைக் கையால் சுற்றிக் கட்டுவது இந்த அளவு மோட்டாரில் வீட்டு வேலையல்ல. புது ஆர்மேச்சரின் விலையையும் புதுக் கருவியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.