மல்டி செல் ஃப்யூயல் கேஜ்ல எனர்ஜியையும் சேர்த்து மாத்துங்க

ஃப்யூயல் கேஜ்னா பேட்டரியில எவ்வளவு சார்ஜ் மிச்சம்னு கணக்குப் போடுற சிப். பிக்யூ40இசட்50 மாதிரி மல்டி செல் கேஜ்ல பேட்டரி பேக் மாத்தும்போது டிசைன் கெப்பாசிட்டி மில்லிஆம்ப் அவரை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க, டிசைன் வோல்டேஜையும் சென்டிவாட் அவர்ல இருக்கிற எனர்ஜி மதிப்பையும் கையோட மாத்திடுங்க. மூணும் தனித்தனி ஃபீல்டு, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது, எனர்ஜி ஃபீல்டுல டிஃபால்ட்டா இருக்கிற 6336 அப்படியே நிக்கும், அது 14.4 வோல்ட், 4400 மில்லிஆம்ப் அவருக்கான கணக்கு.

செல்லுக்கு 3.6 வோல்ட்னு மூணு செல் சீரிஸ்ல 10.8 வோல்ட், கெப்பாசிட்டி 3000 மில்லிஆம்ப் அவர்னா 10.8 × 3000 = 32400 மில்லிவாட் அவர், யூனிட் 10 மில்லிவாட் அவர்ங்கிறதால 3240னு போடணும் (இந்தப் பத்தாலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க). பேரலல் செல் சேர்த்தா கெப்பாசிட்டிதான் கூடும், வோல்டேஜ் கூடாது.

3.6 வோல்ட் கணக்கு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) செல்லுக்குச் செட் ஆகாது, அதுக்கு 3.2. மில்லிவாட் அவர்லயே கேக்குற சிங்கிள் செல் கேஜுக்கு பத்தால வகுக்க வேண்டாம்.