பெப்டைடு க்ரீம்: புதிதாகச் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அழகாபுரத்திலிருந்து ஒரு பெண் தான் செய்த க்ரீமை எடுத்துக்கொண்டு வந்தாள். சுருக்கத்துக்கான காப்பர் பெப்டைடு க்ரீம். "பவுடரைத் தண்ணியில கரைச்சப்ப நல்ல ஊதா நீலமா இருந்துச்சுக்கா. க்ரீம்ல சேர்த்ததும் வெளுத்துப் போச்சு. க்ரீம் வெள்ளைங்கறதால அப்படித் தெரியுதா?"

மூடியைத் திறந்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதே வெளிறிய நீலத்தை நானும் நான்கு மாதம் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தராசு இல்லாமல் அளப்பது, கழுவாத பாத்திரத்தில் கலக்குவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

சதவீதத்தைத் தப்பாகப் படிப்பது

கடை பாட்டிலில் '10% ஆர்ஜிரலைன்' (இதுவும் சுருக்கத்துக்கான ஒரு பெப்டைடு) என்று போட்டிருந்தால், அதில் 10 சதவீதம் பெப்டைடு இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அந்த 10 சதவீதம் கரைசலின் அளவு. பரவலாக விற்கும் அந்தக் கரைசலில் பெப்டைடு 0.05 சதவீதம்தான். 100 கிராம் க்ரீமில் 10 கிராம் கரைசல் சேர்த்தால் உள்ளே போகும் பெப்டைடு 5 மில்லிகிராம்.

இது ஏமாற்று வேலை இல்லை. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி. தோலுக்கு ஒரு சமிக்ஞை கொடுப்பது அதன் வேலை. அதற்குக் கொஞ்சம் போதும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 35 முதல் 55 வயது வரையிலான 93 பெண்கள் பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு கலந்த க்ரீமை 12 வாரம் பூசினார்கள். அதில் இருந்த பெப்டைடு 3 பிபிஎம், அதாவது ஒரு கிலோ க்ரீமில் 3 மில்லிகிராம். அந்த அளவிலேயே மெல்லிய கோடுகள் குறைந்தன. இதைப் படிக்காமல் சுத்தமான பவுடரை வாங்கி 100 கிராமுக்கு 10 கிராம் கொட்டினால், அந்தக் கடை பாட்டிலில் இருப்பதைப் போல 2,000 மடங்கு போட்டிருக்கிறீர்கள்.

காப்பர் பெப்டைடோடு இடிடிஏ சேர்ப்பது

அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு, இதுல இடிடிஏ போட்டியா?"

"ஆமாக்கா. ஆர்ஓ தண்ணிதான், ஆனாலும் நம்ம ஊரு தண்ணியாச்சேன்னு போட்டேன்."

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பயம் இயல்பாகவே வரும். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற ஊர் இது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் உலோகத் துகள்களையும் இடிடிஏ பிடித்து வைத்துக்கொள்ளும், க்ரீம் சீக்கிரம் கெடாது. அதனால் எந்த ஃபார்முலாவை எடுத்தாலும் 0.1 சதவீதம் இடிடிஏ இருக்கும். கை தானாகவே அதை எடுத்துப் போட்டுவிடும்.

காப்பர் பெப்டைடில் கதை வேறு. 1973-இல் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி மனித ரத்தத்திலிருந்து கண்டுபிடித்த ஜிஹெச்கே என்ற பெப்டைடுதான் இதற்கு அடிப்படை. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் கொண்டது அது. அது ஒரு செம்பு அயனியைப் பற்றிக்கொண்டிருக்கும். அந்த ஊதா நீலம் அந்தப் பிடியின் நிறம். பிடிப்பின் வலுவை வேதியியலில் எண்ணாகச் சொல்வார்கள். ஓர் எண் ஏறினால் பிடிப்பு பத்து மடங்கு. ஜிஹெச்கே செம்பைப் பிடிப்பது 16.4. இடிடிஏ செம்பைப் பிடிப்பது 18.8. அதே இடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பது 10.7 மட்டுமே. தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடிக்கட்டும் என்று நீங்கள் போட்ட இடிடிஏ, அதை விட்டுவிட்டுப் பெப்டைடின் செம்பைப் பறித்துக்கொள்கிறது. மூலக்கூறு எடையை வைத்துக் கணக்குப் போட்டால், 0.1 சதவீதம் பெப்டைடில் இருக்கும் மொத்தச் செம்பையும் பறிக்க 0.1 சதவீதம் இடிடிஏ போதும். துல்லியமாக அந்த அளவைத்தான் எல்லோரும் போடுகிறோம்.

எனக்கு இது தெரிய வந்தது ரொம்பத் தாமதமாக. க்ரீம் வெளுத்ததும் பவுடர் போலி என்று முடிவு கட்டினேன். சப்ளையரிடம் போனில் சண்டை போட்டேன். அடுத்த பேட்ச்சில் பெப்டைடை 0.2 சதவீதமாக ஏற்றினேன். நிறம் ஓரளவு திரும்பியது. பார்த்தாயா, முதலில் வந்தது மட்டமான சரக்கு என்று நினைப்பு இன்னும் உறுதியானது. உண்மையில் பாதி செம்பை இடிடிஏ எடுத்துக்கொண்டது, பாதி தப்பித்தது, அவ்வளவுதான். நான்கு மாதம் ஏழு பெண்கள் என்னை நம்பி அந்த க்ரீமைப் பூசினார்கள். சப்ளையரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்களின் நான்கு மாதத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. இன்றைக்கும் யாராவது வெளிறிய நீலத்தைக் கொண்டுவந்து நீட்டினால் எனக்கு வயிறு எரிகிறது.

செம்பை இழந்த ஜிஹெச்கே விஷமாகிவிடாது, முழுக்க வீணும் இல்லை. ஆனால் டப்பாவில் எழுதிய பொருள் அதில் இல்லை.

நீங்களே பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை பவுடரைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் அதே அளவு இடிடிஏ போட்டுக் கலக்குங்கள். ஊதா போய் வான நீலம் வருவது தெரியும். வெள்ளை க்ரீமில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அப்புறம், நீங்கள் தனியாகப் போடாவிட்டாலும் அது உள்ளே இருக்கலாம். ரெடிமேட் க்ரீம் பேஸ் வாங்கிப் பெப்டைடை மட்டும் கலக்குகிறவர்கள் லேபிளில் 'டைசோடியம் இடிடிஏ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த பேஸ் காப்பர் பெப்டைடுக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் இடிடிஏ இல்லாமலே சமாளிக்கலாம். அன்றைக்கே அந்தப் பெண்ணும் நானும் அப்படித்தான் மறுபடி செய்தோம்.

சூட்டில் கொட்டுவது

க்ரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் பெப்டைடைச் சேர்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் நம்மூரில் அதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள்.

வைட்டமின் சி-யையும் அதே டப்பாவில் போடுவது

வைட்டமின் சி என்கிற அஸ்கார்பிக் அமிலத்துக்கு 3.5-க்குக் கீழே பிஹெச், அதாவது நல்ல புளிப்பு, வேண்டும். காப்பர் பெப்டைடு அவ்வளவு புளிப்பைத் தாங்காது. செம்பு வேறு வைட்டமின் சி-யைக் கெடுக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

ஊசியின் வேலையை க்ரீமுக்குச் சொல்வது

ஆர்ஜிரலைனை 'ஊசி இல்லாத போடாக்ஸ்' என்று சொல்லாதீர்கள். 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலுக்குள் இறங்குவது கஷ்டம். ஆர்ஜிரலைன் 889 டால்டன். தசைக்குள் மருந்தை நேராகக் கொண்டுபோகும் ஊசியோடு அதை ஒப்பிட்டால், வாங்குகிறவர் ஒரு மாதத்தில் ஏமாந்து நிற்பார்.

உரிமம் இல்லாமல் செய்து விற்பது

கூடாது. காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020-ஐப் படியுங்கள்.

ஏற்காட்டில் வெயில் இல்லை என்று நம்புவது

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வருவார். "எங்க ஊர்ல ஏதுங்க வெயிலு, எனக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்பார். காற்று குளிர்ந்தால் வெயில் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டரில். பெப்டைடு எந்தக் கொலாஜனை (தோலைத் தாங்கும் புரதம்) கட்டச் சொல்கிறதோ, அதையே அந்தக் கதிர் உடைக்கிறது. போன முறை அவருக்கு நான் க்ரீம் கொடுக்கவில்லை. அந்தக் காசுக்கு முதலில் சன்ஸ்கிரீன் வாங்கி, தினமும் காலையில் பூசிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னேன்.