சிஆர்பி 14 என்றால் பயப்படணுமா? டயாலிசிஸ் செய்பவர்களின் ரத்த ரிப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். இரண்டு நாளாகச் சளி, உடம்பு வலி, லேசான காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தால், உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறும் புரதமான சிஆர்பி 14. பக்கத்திலேயே '5-க்குள் இருக்க வேண்டும்' என்று அச்சடித்திருக்கிறது, எண்ணைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். வீடே பதறுகிறது. போன மாதம் நன்றாக இருந்தபோது இது எவ்வளவு இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் தவறு அதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல்' பொதுவாக ஆரோக்கியமானவர்களை வைத்து வகுத்த அளவு. டயாலிசிஸ் செய்பவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, எந்தத் தொற்றும் இல்லாத நாளிலும் சிஆர்பி கூடுதலாகத்தான் இருக்கும். உடம்பில் தேங்கும் கழிவுகள், ஃபில்டரோடு ரத்தம் உரசுவது, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட லைன் (குழாய்), அடைத்துப்போய் உள்ளேயே விட்டுவைத்த பழைய கிராஃப்ட் (டயாலிசிஸுக்காக வைத்த செயற்கை ரத்தக்குழாய்), செயலிழந்த மாற்றுச் சிறுநீரகம், ஏன், ஈறு வீக்கம்கூடக் காரணமாக இருக்கலாம். வழக்கமாக 14 உள்ளவருக்கு இன்றைக்கும் 14 என்றால் அந்த எண் புதிதாக எதையும் சொல்லவில்லை. வழக்கமாக 4 உள்ளவருக்கு 40 என்றால் சொல்கிறது. அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே, மாதாந்திர ரத்தப் பரிசோதனையோடு இதையும் ஒரு தடவை பார்த்து நோட்டில் குறித்து வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குறிக்கும்போது அலகையும் எழுதுங்கள். ஒரு லேபில் லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்பது இன்னொரு லேபில் டெசிலிட்டருக்கு 1.4 என்று வரும். இரண்டும் ஒன்றுதான். லேப் மாற்றிவிட்டு, 'பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு!

நேரமும் முக்கியம். தொற்று தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் சிஆர்பி ஏறத் தொடங்கும். உச்சிக்குப் போக இரண்டு நாள் ஆகலாம். காலையில் குளிர் எடுத்து மதியமே பார்த்த சிஆர்பி சரியாக இருந்தால், அதை நம்பி நிம்மதியாகப் படுக்க முடியாது.

அடுத்தது, 'சிஆர்பி ஏறினால் பாக்டீரியா, ஏறாவிட்டால் வைரஸ்' என்ற வாய்ப்பாடு. கொரோனா தீவிரமானபோது வைரஸாலேயே சிஆர்பி நூறைத் தாண்டியதைப் பார்த்தோம். எந்தக் கிருமி என்று சிஆர்பிக்குத் தெரியாது. அதைச் சொல்ல பிசிஆரோ ஆன்டிஜன் பரிசோதனையோ வேண்டும். பாக்டீரியா தொற்றில் அதிகம் ஏறும் புரோகால்சிடோனின் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதைவிடக் கொஞ்சம் மேல், வைரஸ் தொற்றில் அது பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. ஆனால் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதுவும் இயல்பாகவே சற்றுக் கூடுதல். பெரிய துளைகள் உள்ள 'ஹை ஃபிளக்ஸ்' ஃபில்டர் அதில் ஒரு பகுதியை வெளியேற்றியும் விடும். ஆகவே டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தமே ஒப்பிடத் தகுந்தது. வெள்ளணுக்களுக்கும் அப்படித்தான். சில வகை ஃபில்டர்களில் முதல் கால் மணி நேரத்தில் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று இறங்கி மீண்டும் ஏறும்.

கழுத்து லைன் இருப்பவருக்கு மெஷினில் இருக்கும்போது குளிர் நடுக்கம் வந்தால், 'ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல், சிஆர்பியும் பெரிதாக இல்லை' என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உடனே சொல்லுங்கள். லைனில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். இந்தப் பட்டியலில் உயிருக்கே ஆபத்தான தவறு இது ஒன்றுதான் என்பேன்.

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பெயரை 2020-ல் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கொரோனா வந்தவருக்கு 600 என்றால் 'சைட்டோகைன் புயல்', அதாவது எதிர்ப்பு சக்தியே கட்டுமீறிப் போய்விட்டது, என்று பயந்தோம். ஆனால் நரம்பில் இரும்பு ஊசி போட்டுக்கொள்ளும் டயாலிசிஸ் நோயாளிக்கு 600 சாதாரணம். 2018-ல் வெளியான பிவோட்டல் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஃபெரிட்டின் 700 வரை போக விட்டே இரும்பு கொடுத்தார்கள். எனவே கடைசி இரும்பு ஊசி என்றைக்கு என்று முதலில் பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அதை வைத்து 'இரும்புச்சத்து நிறைய இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ரத்தசோகையே அதை ஏற்றிவிடும், இவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதும் அது கூடுதல்தான். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் ஏறக்குறைய அதே கதை.

இதுவரை சொன்னவை தொற்று இல்லாமலே ஏறும் எண்கள். கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி இதற்கு நேர் எதிர். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் ஹெபடைட்டிஸ் சி தொற்று உள்ளே இருந்தும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரலாம். மாதாமாதம் எஸ்ஜிபிடியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். தொற்றின் தொடக்க வாரங்களில் ஆன்டிபாடி நெகட்டிவாக வரலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் வைரஸின் ஆர்என்ஏவையே (அதன் மரபணுப் பொருளை) தேட வேண்டும். அப்புறம் ஒன்று: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைத் தேடும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை பார்த்தால், ஊசியில் உள்ள புரதமே பாசிட்டிவ் காட்டிவிடக்கூடும். ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.