மன்றத்தில் செஸ்960 போட்டி நடத்துவது எப்படி: பகடையிலிருந்து கோட்டை வரை

2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் பிரக்ஞானந்தா மாக்னஸ் கார்ல்சனை வென்ற பிறகு, எங்கள் சதுரங்க மன்றத்துக்கு வரும் மாணவர்கள் காய்களை மாற்றி அடுக்கி ஆடும் அந்த ஆட்டத்தை, அதாவது செஸ்960-ஐ, நாமும் ஆடலாமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கென மாதம் ஒரு மாலையை ஒதுக்கி இப்போது நடத்திவருகிறோம். ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பத்துப் பலகைகளைப் பரப்பி, சிறுவர்களும் பெரியவர்களுமாக இருபது பேரை உட்காரவைத்து, சண்டை இல்லாமல் ஒரு மாலையை நடத்தி முடிப்பது எப்படி என்பதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். காய்களின் நகர்வும், தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதியும் தெரிந்தவர்களுக்கான விளக்கம் இது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகளின் ஆதிக்கத்தைக் குறைப்பதற்காக, முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூனில் புவெனஸ் ஐரிஸில் இந்த ஆட்டத்தை அறிவித்தார். சிப்பாய்கள் வழக்கமான இடத்திலேயே நிற்கும்; பின்வரிசைக் காய்களின் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் குலுக்கலில் தீர்மானிக்கப்படும். இரண்டு பிஷப்புகளும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கு இடையில் நிற்க வேண்டும் என்ற இரண்டே கட்டுப்பாடுகள்தாம் உண்டு. அவற்றுக்கு உட்பட்டு 960 நிலைகள் கிடைப்பதால் செஸ்960 என்ற பெயர் வந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2001-இல் கிராண்ட்மாஸ்டர்கள் லேகோவும் ஆடம்ஸும் மோதிய ஆட்டத்தொடர் இதைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய முதல் செஸ்960 உலகப் போட்டியில், 2019-இல், வெஸ்லி சோ கார்ல்சனை வென்றார்.

படி 1: நிலையைக் குலுக்கி எடுத்தல்

கைப்பேசிச் செயலிகள் ஒரு நொடியில் நிலையைத் தந்துவிடும். இருந்தும் நான் சாதாரண ஆறுமுகப் பகடையையே பரிந்துரைப்பேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழும் பகடையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். நடத்துபவரின் கைப்பேசி தந்த நிலையைத் தோற்றவர் கட்டாயம் சந்தேகிப்பார். பகடையை உருட்டும் வேலையை அன்று வந்தவர்களிலேயே மிகச் சிறியவரிடம் கொடுங்கள்.

முறை இதுதான். வெள்ளையின் பின்வரிசையை இடமிருந்து வலமாக ஏ1 முதல் எச்1 வரை எண்ணுகிறோம். முதல் உருட்டல் கறுப்புக் கட்டத்து பிஷப்புக்கு: 1 விழுந்தால் ஏ1, 2 விழுந்தால் சி1, 3 என்றால் இ1, 4 என்றால் ஜி1, 5 அல்லது 6 விழுந்தால் மீண்டும் உருட்ட வேண்டும். இரண்டாவது உருட்டல் வெள்ளைக் கட்டத்து பிஷப்புக்கு: பி1, டி1, எஃப்1, எச்1 என்ற அதே வரிசை. மூன்றாவது ராணிக்கு: மீதமிருக்கும் ஆறு காலிக் கட்டங்களில் விழுந்த எண்ணுக்குரிய கட்டம். அடுத்து முதல் குதிரை, மீதமுள்ள ஐந்து கட்டங்களில் ஒன்றில் (6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்). பிறகு இரண்டாவது குதிரை, மீதமுள்ள நான்கில் ஒன்றில். எஞ்சும் மூன்று கட்டங்களில் இடமிருந்து வலமாக யானை, ராஜா, யானை.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பின்தொடர்வோம். பகடையில் 3, 1, 5, 2, 4 என்று விழுந்ததாகக் கொள்ளுங்கள். கறுப்புக் கட்டத்து பிஷப் இ1-இல், வெள்ளைக் கட்டத்து பிஷப் பி1-இல், ராணி ஜி1-இல், குதிரைகள் சி1-இலும் எச்1-இலும் அமரும். எஞ்சியவை ஏ1, டி1, எஃப்1. ஆகவே ஏ1 யானை, பி1 பிஷப், சி1 குதிரை, டி1 ராஜா, இ1 பிஷப், எஃப்1 யானை, ஜி1 ராணி, எச்1 குதிரை. 0 முதல் 959 வரை எண்ணிடப்பட்ட அட்டவணையில் இது 648-ஆம் நிலை. அந்த அட்டவணையை அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. 518-ஆம் எண் நாம் வழக்கமாக ஆடும் நிலைதான். அது விழுந்தால் மறுபடி உருட்டிவிடுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரே நிலை, எல்லாப் பலகைகளிலும் அதே நிலை. பலகைக்கு ஒரு நிலை என்று வைத்தால், அடுக்கியது சரிதானா என்று சரிபார்ப்பதிலேயே மாலை போய்விடும்.

படி 2: பலகையில் அடுக்குதல்

இது எளிய வேலை என்று தோன்றும். புதியவர்கள் வழுக்கும் முதல் இடம் இதுதான். கறுப்பின் காய்கள் வெள்ளையின் காய்களுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும்: ஏ1-இல் யானை இருந்தால் ஏ8-இலும் யானை. ஆனால் கறுப்பு ஆடுபவர் சுவரில் எழுதிய வரிசையைப் பார்த்துத் தன் இடக்கைப் பக்கத்திலிருந்து அடுக்குவார். அவருடைய இடப்பக்கம் இருப்பது எச் வரிசை. எங்கள் எடுத்துக்காட்டில் கறுப்பு தன் இடமிருந்து அடுக்க வேண்டிய வரிசை குதிரை, ராணி, யானை, பிஷப், ராஜா, குதிரை, பிஷப், யானை என்பது. அதனால் நான் கரும்பலகையில் இரண்டு வரிசைகளையும் தனித்தனியாக எழுதி, 'வெள்ளை இடமிருந்து', 'கறுப்பு இடமிருந்து' என்று தலைப்பிட்டுவிடுகிறேன்.

கடிகாரத்தைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பலகையிலும் ஒரே ஒரு சோதனை போதும்: ராஜாவுக்கு நேர் எதிரே ராஜா இருக்கிறதா, ராணிக்கு எதிரே ராணி இருக்கிறதா. இதைத் தவிர்க்கக் கூடாது. ஃபிடேயின் விரைவு ஆட்ட விதிகளின்படி இருவரும் பத்து நகர்வுகளை முடித்துவிட்டால், காய்கள் தவறாக அடுக்கப்பட்டிருந்தன என்று முறையிட முடியாது.

அடுக்கியதும் ஐந்து நிமிடம் யாரும் நகர்த்தாமல் நிலையைப் பார்க்கட்டும். 2024-இல் ஜெர்மனியின் வைசன்ஹவுஸில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் ஒரே நிறத்தை ஆடும் வீரர்கள் ஆட்டத்துக்கு முன் கூடிப் பேசிக்கொண்டார்கள். மன்றத்தில் இந்தப் பழக்கம் புதியவர்களுக்கு மிகவும் உதவுகிறது. அந்த நேரத்தில் அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, எந்தச் சிப்பாய்க்குக் காவல் இல்லை என்பதே. வழக்கமான நிலையில் எல்லாச் சிப்பாய்களுக்கும் காவல் உண்டு. இங்கே அந்த உறுதி கிடையாது. 648-இல் பி2 சிப்பாயை எந்தக் காயும் காக்கவில்லை, பி7-ம் அப்படியே. வெள்ளை ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியை ஜி2-க்குக் கொண்டுவந்தால், அது குறுக்காக நேரே பி7-ஐக் குறிவைக்கும்.

படி 3: கோட்டை கட்டுதல்

மற்றப் படிகளை அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். எங்கள் மன்றத்தில் இந்த ஆட்டத்தில் எழுந்த தகராறுகள் ஏறக்குறைய எல்லாமே கோட்டை கட்டும்போது எழுந்தவைதாம்.

விதியின் சாரம் ஒரே வாக்கியம்: ராஜாவும் யானையும் எங்கிருந்து புறப்பட்டாலும், கோட்டை கட்டி முடித்தபின் வழக்கமான ஆட்டத்தில் நிற்கும் அதே கட்டங்களில்தான் நிற்கும். ஜி பக்கம் கட்டினால் ராஜா ஜி1, யானை எஃப்1. சி பக்கம் கட்டினால் ராஜா சி1, யானை டி1. 'ராஜா இரண்டு கட்டம் நகரும்' என்று மனத்தில் பதிந்திருப்பதை முதலில் அழித்துவிட வேண்டும். இரண்டு காய்களும் அதற்கு முன் நகர்ந்திருக்கக் கூடாது, ராஜா செக்கில் இருக்கக் கூடாது என்பவை பழைய விதிகளே. ராஜா புறப்படும் கட்டத்துக்கும் சேரும் கட்டத்துக்கும் இடைப்பட்டவை, யானை புறப்படும் கட்டத்துக்கும் சேரும் கட்டத்துக்கும் இடைப்பட்டவை, சேரும் கட்டங்கள் ஆகிய அனைத்தும் அந்த இரண்டு காய்களைத் தவிர வேறு காய் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். ராஜா கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது.

இப்போது 648-க்குத் திரும்புவோம். ஜி பக்கம் கட்ட வேண்டுமானால் இ1 பிஷப்பும் ஜி1 ராணியும் விலகியிருக்க வேண்டும். எச்1 குதிரை இருந்த இடத்திலேயே இருக்கலாம். எஃப்1 யானை ஏற்கெனவே தன் இறுதிக் கட்டத்தில் நிற்பதால் அது அசையாது. ராஜா மட்டும் டி1-இலிருந்து அதைத் தாண்டி ஜி1-இல் அமரும். பார்ப்பவருக்கு ராஜா மூன்று கட்டம் பறந்ததாகத் தோன்றும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: எஃப்1-இல் நம் யானையே நின்றாலும், அந்தக் கட்டத்தை எதிரியின் பிஷப் தாக்கிக்கொண்டிருந்தால் ராஜா அதைக் கடக்க முடியாது, ஆகவே கோட்டை கட்டவும் முடியாது.

சி பக்கம் கட்டினால் ராஜா டி1-இலிருந்து சி1-க்கு ஒரே ஒரு கட்டம் நகரும். யானை ஏ1-இலிருந்து டி1-க்கு வரும். பி1-உம் சி1-உம் காலியாக இருந்தால் போதும், இ1 பிஷப் அங்கேயே இருக்கலாம். தகராறு பிறக்கும் இடம் இதுதான். ஆடுபவர் ராஜாவை சி1-இல் வைத்துவிட்டு யானையை நோக்கிக் கையை நீட்டுவதற்குள், எதிரே இருப்பவர் அதைச் சாதாரண ராஜா நகர்வு என்று எண்ணிப் பதில் யோசிக்கத் தொடங்கிவிடுவார். சில சமயம் நகர்வு முடிந்துவிட்டது என்று வாதிடவும் செய்வார்.

இதற்கு ஃபிடேயின் வழிகாட்டுதலிலேயே தீர்வு இருக்கிறது. கோட்டை கட்டப்போகிறேன் என்று வாயால் சொல்லுங்கள். ராஜாவை எடுத்துப் பலகைக்கு வெளியே, அது சேர வேண்டிய கட்டத்துக்கு அருகில் வையுங்கள். யானையை அதன் இறுதிக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். பிறகு ராஜாவைப் பலகைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்துங்கள். எல்லாம் ஒரே கையால், ராஜாவை முதலில் தொட்டு. வழிகாட்டுதலில் இது பரிந்துரைதான். எங்கள் மன்றத்தில் கட்டாய விதியாக்கிவிட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ராஜா ஏற்கெனவே ஜி1-இல் இருந்து யானை மட்டும் நகரும் நிலைகளிலும் ராஜாவை எடுத்துத் திரும்ப வைக்கும்படி சொல்கிறேன். அப்போதுதான் அது வெறும் யானை நகர்வு அல்ல என்பது எதிராளிக்குத் தெளிவாகும்.

ராஜா எஃப்1-இலும் யானை ஜி1-இலும் தொடங்கும் நிலைகளில் இரண்டும் இடம் மாறிக்கொண்டால் கோட்டை முடிந்தது. வேறு எந்தக் காயும் விலகத் தேவையில்லை என்பதால் முதல் நகர்விலேயே கட்டிவிடலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் எதிராளி நடுவரை அழைப்பது நிச்சயம்.

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் பழகிவிட்டு வரும் மாணவர்களிடம் இன்னொரு சிக்கல் காணப்படுகிறது. அங்கே ராஜாவை இழுத்து யானையின் மேல் போட்டால்தான் கோட்டை கட்டப்படும். அதே பழக்கத்தில் மரப்பலகையிலும் ராஜாவை யானை நிற்கும் கட்டத்தில் வைக்கப்பார்க்கிறார்கள். முதல் முறை எச்சரித்து விட்டுவிடலாம்.

பின்சேர்க்கை: ராஜா சி1-இலும் யானை பி1-இலும் இருந்து, எதிரியின் யானை ஏ1-க்கு வந்துவிட்டால் சி பக்கம் கட்டலாமா என்று இதைப் படித்த நடுவர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. பி1 யானை இப்போது ராஜாவுக்கு மறைப்பாக நிற்கிறது. அது டி1-க்குப் போனதும் ராஜா செக்கில் மாட்டிக்கொள்ளும். வழக்கமான ஆட்டத்தில் இப்படியொரு நிலை வரவே வராது என்பதால், அனுபவமுள்ள நடுவர்களும் இதைக் கவனிக்காமல் விடக்கூடும்.

படி 4: நேரமும் சுற்றுகளும்

ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் கூட்டித்தரும் டிஜிட்டல் கடிகாரம் இல்லாமல் இந்த ஆட்டத்தை நடத்த வேண்டாம் என்பது என் கருத்து. முதல் நகர்விலிருந்தே யோசிக்க வேண்டியிருப்பதால், பழைய முள் கடிகாரத்தில் ஆட்டத்தின் நடுப்பகுதிக்குள் நேரம் தீர்ந்துவிடும். லாஸ் வேகாஸில் வைத்த பத்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து நொடியும் மன்றத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. மூன்று நிமிட மின்னல் ஆட்டம் புதியவர்களுக்கு வெறும் குழப்பமே.

ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவைக்கும் ஸ்விஸ் முறையில் 16 பேர் வரை நான்கு சுற்றுகள் போதும். எட்டுப் பேருக்குள் என்றால் காகிதத்தில் ஜோடிகளை எழுதிக்கொள்ளலாம். அதற்கெல்லாம் ஜோடி சேர்க்கும் மென்பொருளான ஸ்விஸ்-மேனேஜரைத் திறப்பது வீண் வேலை. இந்த ஆட்டங்கள் ஃபிடேயின் வழக்கமான தரப்புள்ளியில் சேராது என்பதைப் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: சில நிலைகளில் வெள்ளைக்கு அதிகச் சாதகம் இருப்பதாகப் பலர் குறைப்பட்டார்கள். நியாயமான குறைதான். நேரம் இருந்தால் சுற்றுகளைக் குறைத்து, ஒவ்வொரு ஜோடியும் ஒரே நிலையில் நிறம் மாற்றி இரண்டு ஆட்டங்கள் ஆடும்படி வையுங்கள். முதல் ஆட்டத்தில் காவலற்ற பி சிப்பாயை இழந்தவர் இரண்டாவது ஆட்டத்தில் அதே இடத்தைத் தாக்குவதைப் பார்க்கலாம்.

படி 5: ஆட்டத்தைப் பதிவு செய்தல்

நகர்வுத்தாளின் தலையில் நிலையின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத தாளை வீட்டில் வைத்து ஆராயவே முடியாது, ஏனெனில் குதிரை எங்கிருந்து புறப்பட்டது என்பதே தெரியாது. கணினியில் ஏற்றும்போது ஆட்டவகையை செஸ்960 என்று மாற்றித் தொடக்க நிலையைக் கொடுத்த பிறகே நகர்வுகளை இடவும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை வழக்கமான ஆட்டமாக எண்ணிச் சில நகர்வுகளுக்குள்ளேயே பிழை காட்டும். ஆட்டங்களை ஆராயும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் இந்த ஆட்டத்தையும் ஆராயும். தாளில் கோட்டையை வழக்கம்போல ஜி பக்கத்துக்கு 0-0 என்றும் சி பக்கத்துக்கு 0-0-0 என்றும் எழுதினால் போதும். ராஜா எங்கிருந்து எங்கே போனது என்று விரித்து எழுதத் தேவையில்லை.