தொட்டிச் செடிக்கு மண்புழு உரம்: எவ்வளவு, எப்போது, எப்படி

மாடித் தோட்டத்தில் மண்புழு உரம் போட்டும் செடி அசையவில்லை என்றால், பெரும்பாலும் குற்றம் உரத்தின் மேல் இல்லை. காய்ந்த உரத்தைக் காய்ந்த மண்ணின் மேல் தூவி வெயிலில் விட்டிருப்பார்கள். இதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பங்கு மக்கிய பொருளோடு பிணைந்திருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தால்தான் வேருக்குக் கிடைக்கும், அவை வேலை செய்ய ஈரம் வேண்டும். மே மாத மொட்டை மாடியில் மேலாகக் கிடக்கும் உரம் இரண்டே நாளில் கடுகு போல உருண்டு இறுகிவிடும். அப்படி இறுகியது தண்ணீரை எளிதில் திரும்பக் குடிக்காது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை சில. நல்ல உரம் டீத்தூள் மாதிரி குருணையாக, கருப்பும் பழுப்பும் கலந்து, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை இதற்கு 15 முதல் 25 சதவீதம் ஈரப்பதத்தை அளவாக வைத்திருக்கிறது. விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்றால் மணல் கலப்படம். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் சாணம் இன்னும் மக்கவில்லை. அதைத் தொட்டியில் போட்டால் வேர் கருகும், நாற்று மஞ்சளடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் வெந்தயம் சொல்லிவிடும். ஒரு கப்பில் சாதாரண மண், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம். இரண்டிலும் 20 வெந்தயம் போட்டு ஐந்து நாள் ஈரம் காயாமல் வையுங்கள். உரக் கப்பில் முளைப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால், மூட்டையை நிழலில் கொட்டி, லேசாக ஈரம் தெளித்து, சாக்கு மூடி மூன்று வாரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

புதுத் தொட்டிக்கான கலவையில் செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு என்று பலர் சொல்வார்கள். எங்கள் கணக்கில் அந்தக் கலவையில் உரம் கொஞ்சம் அதிகம். இது நுண்ணிய பொருள், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தொட்டி சேறாகி, வேருக்குக் காற்று போகாது. இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு நார்க் கழிவு, ஒரு பங்கு உரம் போதும். 10 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்துவிடுங்கள். குழித்தட்டில் விதை போடுவதானால் உரம் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வளரும் செடிக்கு மேலுரம் இடும் முறை: முந்தின நாள் மாலை தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்து வையுங்கள். மறுநாள் மாலை, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, சுற்றிலும் ஓர் அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கொத்திவிடுங்கள். அடிக்கு அடி பையில் இருக்கும் கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு இரண்டு கைப்பிடி, அதாவது ஏறக்குறைய 100 கிராம் போட்டு, மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால்தான் வேலை முடிந்தது. 15 நாளுக்கு ஒரு முறை போதும். கீரைக்கு விதைப்புக்கு முன் ஒரு தடவை, ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் கொஞ்சம். ரோஜாவுக்கு, கவாத்து செய்தவுடன் (கிளைகளை வெட்டிவிட்டவுடன்) 200 கிராம். தரையில் தோட்டம் என்றால் சதுர மீட்டருக்கு அரை கிலோ, சென்ட்டுக்குச் சுமார் 20 கிலோ. தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், ஈரம் தங்கித் தண்டு அழுகும்.

காய்க்கும் செடிக்கு இது மட்டும் போதுமா என்றால், போதாது. உர ஆணையின் குறைந்தபட்ச அளவான 1 சதவீதத் தழைச்சத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ உரத்தில் 10 கிராம்தான் இருக்கும். யூரியாவில் அது 22 கிராமிலேயே வந்துவிடும். ஆகவே பூக்கும் சமயத்தில் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து நீர்த்து ஊற்றுவது போன்ற துணை தேவைப்படும். மண்ணைப் பொலபொலப்பாக்கி, நுண்ணுயிரைப் பெருக்கி, மெல்ல மெல்லச் சத்தை விடுவதுதான் மண்புழு உரத்தின் பலம்.

நீர்க்கரைசலாகக் கொடுக்க, ஒரு கிலோ உரத்தைப் பருத்தித் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் 24 மணி நேரம் தொங்கவிட்டு, நாலைந்து முறை நன்றாகக் கலக்கிவிடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகு எடுப்பது நல்லது. எடுத்த கரைசலை அன்றே வேரில் ஊற்றிவிட வேண்டும், மூடி வைத்தால் நாறிவிடும். நிறைய வெல்லம் போட்டால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம், கெட்ட பாக்டீரியாவும் சேர்ந்தே பெருகும். மண்புழு உரம் தயாரிக்கும் தொட்டியின் அடியில் தானாக வடியும் கருநீர் வேறு சரக்கு. அதைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மண்ணுக்கு மட்டும் விடுங்கள், பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி இலையில் படக் கூடாது.

உரம் போட்டபின் தொட்டியில் தக்காளி, பூசணி நாற்று முளைத்தால் பயப்பட ஒன்றுமில்லை, சமையலறைக் கழிவில் வந்த விதை. பொடி ஈக்கள் பறந்தால் மேல்மண் எந்நேரமும் சொதசொதவென்று இருக்கிறது என்று பொருள். மேலே ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தோடு வரும் மண்புழு வேரைத் தின்னாது, ஆனால் வெயில் சுடும் பையில் அது பிழைப்பதும் அரிது.

மீந்த உரத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், மூச்சுமுட்டிப் புளித்துவிடும். சணல் சாக்கில் நிழலில் வைத்து, வாரம் ஒரு முறை கையளவு தண்ணீர் தெளித்தால் ஆறு மாதம் வரை தாங்கும். சாக்கில் எறும்பு ஏறினால், ஈரம் போய்விட்டது என்று அர்த்தம்.