வட்டார வழக்கு நாவலை முதல் தடவை வாசிப்பவர்களுக்கு

கூலிக்காரக் குடும்பங்களின் வறுமையைச் சொல்லும் பழைய காலத்து நாவல், அதுவும் முழுக்க வட்டார வழக்கில். இப்படி ஒன்றை ஆசையாக எடுத்துவிட்டு இருபதாம் பக்கத்தில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். நானும் முதல் தடவை மூடித்தான் வைத்தேன். கதை பிடிக்காமல் இல்லை, எழுத்து கண்ணுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சோடு வந்தது 1942-இல். அன்றிலிருந்து தமிழில் இந்த வகையில் எத்தனையோ நல்ல நாவல்கள் சேர்ந்திருக்கின்றன, எழுத்துக்குப் பயந்து அவற்றை விட்டுவிடக் கூடாது.

முதலில் அகராதியை ஓரமாக வையுங்கள். முதல் இருபது, முப்பது பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத பாதி சொற்கள் காதுக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் அவை நமக்குத் தெரிந்த சொற்கள்தான், பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் தாண்டியாயிற்று: சொல்லின் முதலில் வரும் இகரம் பல இடங்களில் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலை, இடம் எடம், குடம் கொடம், உடம்பு ஒடம்பு. அப்புறம் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். தெற்கே ‘வந்தாக, போனாக’ என்று வந்தால் அது மரியாதை.

சரி, காது பழகிவிட்டதா? இப்போது ஒரு சின்ன நோட்டு எடுங்கள். புரியாத சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது முறை அதே சொல் வரும்போது பொருள் தானாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் புத்தகத்தின் கடைசியில் சொற்பட்டியல் இருக்கிறதா பாருங்கள். கரிசல் பேச்சுக்கு கி. ராஜநாராயணன் 1982-இல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியும், கொங்குப் பேச்சுக்குப் பெருமாள்முருகன் தொகுத்ததும் இருக்கின்றன.

அடுத்தது காசுக் கணக்கு. இதைத் தாண்டிப் போனால் வறுமையின் கனம் தெரியவே தெரியாது. 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கதை என்றால் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஒரு பெண் இரண்டு அணா கடனுக்காகப் படியேறி நிற்கிறாள் என்றால், அவள் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று நாவலிலேயே தேடிப் பாருங்கள், அந்த இரண்டு அணாவுக்கு எத்தனை நாள் குனிந்து நிமிர வேண்டும் என்று தெரியும். ஆண்டுகளும் அப்படித்தான். கிழவி ‘தாது வருசப் பஞ்சம்’ என்பாள், 1876 என்று சொல்ல மாட்டாள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், 1936-லும் தாது வந்தது, அதனால் பக்கத்தில் வேறு தடயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் சொற்களில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழியுங்கள். நெசவாளர் கதை என்று வைத்துக்கொள்வோம். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே போவது. நூல் அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். இது தெரியாமல் ‘இன்னிக்கிப் பாவுக்குத்தான் கஞ்சி’ என்று ஒரு நெசவாளி சொல்வதைப் படித்தால் வேலைப் பேச்சு என்று கடந்துவிடுவோம். தெரிந்து படித்தால், அடுப்பில் கொதித்தது நூலுக்குப் போய்விட்டது, பிள்ளைகளுக்கு இல்லை என்று புரியும். அந்த வாக்கியத்தைப் பொதுத் தமிழில் விளக்கி எழுதினால் செத்துவிடும். வட்டார வழக்கில் ஏன் எழுதுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த மாதிரி இடத்தைத்தான் காட்டுவேன்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் நோட்டில் குறியுங்கள். நரைத்த கிழவரைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் ‘டேய்’ என்கிறான், கிழவர் அவனை ‘சாமி’ என்கிறார். நூறு பக்கம் கழித்து அந்தக் கிழவரின் மகன் ‘சாமி’யை விட்டுவிட்டுப் பேசினால், சண்டை என்று ஆசிரியர் தனியாக எழுதியிருக்க மாட்டார், நாம்தான் கவனிக்க வேண்டும்.

அறுபது, எழுபது பக்கம் போனதும் ஒருமுறை நிறுத்திவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி வாருங்கள். முதலில் இடறிய வரிகளை இப்போது நோட்டைப் பார்க்காமலே படித்துவிடுவீர்கள், அங்கிருந்து கடைசி வரை நிறுத்தாமல் போகலாம்.