வீட்டுப் பூனை முடி உருண்டை கக்கினால்

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் பார்த்தபடி இருக்கும். அதனால் நக்கும்போது ஒட்டிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். வயிற்றில் தங்குவதுதான் விரல் போல நீளமாக வெளியே வரும்.

மருந்தைவிடச் சீப்புதான் முக்கியம். பெர்சியன் மாதிரி நீள முடிக்குத் தினமும், குட்டை முடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை சீவுங்கள். சீப்பில் மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதாவது வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அரிப்பால்தான் அதிகம் நக்குகிறது. முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

உலர் தீனி மட்டும் தின்னும் பூனைக்கு ஈர உணவும் சேருங்கள். மலம் இறுகியிருந்தால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் கலக்கலாம். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். எண்ணெயை வாயில் ஊற்றவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

எப்போதாவது ஒரு உருண்டை வந்தால் கவலையில்லை. அடிக்கடி வந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குமட்டிக்கொண்டே இருந்து எதுவும் வராமல், மலமும் போகாமல் சுருண்டு படுத்தால் குடலடைப்பாக இருக்கலாம், அன்றே தூக்கிக்கொண்டு போங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் கிழியும். கழுத்தை நீட்டி இருமுகிறது, ஒன்றுமே கக்கவில்லை என்றால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.